ஓடிபி சொல்லப் பழக்கியது யார்?



"வயசானவங்களுக்கு விவரம் பத்தாது, அதான் ஏமாந்து போறாங்க." டீக்கடையிலும் இதைக் கேட்கிறோம், டிவி விவாதத்திலும் கேட்கிறோம். பணத்தைப் பறிகொடுத்தவர் வங்கி வாசலில் நின்றால் அங்கேயும் இதுதான் பதில். நம் ஆட்கள் யாரும் இனி இதைச் சொல்லக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் ஒரு சிறு விவசாயி வருஷத்துக்கு எத்தனை இடத்தில் ஆதாரை நீட்டுகிறார்? சம்பா பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார் நகல். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனுக்கு அதே கட்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கவும் அதே கட்டு. ரேஷன் கடையில் விரல் ரேகை. பிஎம் கிசான் 2,000 ரூபாய் தவணைக்கு இ-கேஒய்சி. இதெல்லாம் போதாதென்று 2025-ல் தனி அடையாள எண் என்று சொல்லி, நிலம், ஆதார், செல்போன் மூன்றையும் இணைக்கச் சொன்னார்கள். இணைக்கலேன்னா தவணை வராதுன்னு வேற பயம் காட்டினாங்க.

இந்த வேலையெல்லாம் எங்கே நடக்கிறது? இ-சேவை மையத்தில். "தாத்தா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறான் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற தம்பி. தாத்தா நம்பரைப் படிப்பதுகூட இல்லை, சட்டைப் பையிலிருந்து போனையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை, அரசு போட்டுவைத்த பாதை அப்படி. அதிகாரமாகப் பேசுகிறவர் கேட்டால் நம்பரைச் சொல்லணும், இல்லேன்னா பணம் நின்னுபோகும். இந்தப் பழக்கத்தை வருஷம் முழுக்க ஊட்டியது அரசு. பிறகு ஒருநாள் ஒரு திருடன் போன் செய்து, "கிசான் தவணை நின்னுபோச்சு ஐயா, நம்பரைச் சொல்லுங்க" என்கிறான். முன்னவனுக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பெரியவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

பணம் போன பிறகு ரிசர்வ் வங்கியின் 6.7.2017 சுற்றறிக்கையை எடுத்துக் காட்டுவார்கள். மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. ஆனால் ரகசிய எண்ணை அவரே சொல்லியிருந்தால் அது அவருடைய கவனக்குறைவு. வங்கிக்குத் தகவல் கொடுக்கும் வரை போன பணம் அவர் தலையில்தான். சொல்ல வைத்துப் பழக்கியவர்கள் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

சரி, விவரம் தெரிந்தவர்கள் எப்படி? 2020-ல் தமிழ்நாட்டில் பிஎம் கிசான் முறைகேடு வெடித்தது. வட மாவட்டங்களில்தான் அதிகம். தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேரைச் சேர்த்து 110 கோடி ரூபாய் வரை போனது. எப்படி நடந்தது? வேளாண்மைத் துறையின் லாகின் பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போனது. பாஸ்வேர்டை வெளியே விட்டது பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி இல்லை, தோழர்களே. அரசு அலுவலகம்! 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகளில் சுமார் 50 லட்சம் பேரின் விவரம் இணையத்தில் கிடப்பதாக ஒரு பெங்களூரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அதில் யார் வீட்டுத் தாத்தா யாரிடம் ஓடிபி சொன்னார்?

இன்னொரு கூத்து. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், "ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம்" என்று எச்சரித்தது. நல்ல விஷயம்தான். இரண்டே நாளில் ஒன்றிய அரசு அதைத் திரும்பப் பெற்றது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறதாம். உண்மையைச் சொன்ன எச்சரிக்கையின் ஆயுள் 48 மணி நேரம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 24.8.2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசுவாமி. 2012-ல் மனு போட்டபோது அவருக்கு வயது 86. பெருசுகளுக்கு விவரம் பத்தாதாம்!

அவர் வாங்கிக் கொடுத்த தீர்ப்புக்கு ஆறு வருஷம் கழித்து ஒன்றிய அரசு கொண்டுவந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ஐப் பாருங்கள். தகவலைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம் என்று தம்பட்டம் அடித்தார்கள். அந்தப் பணம் போவது அரசு கஜானாவுக்கு. தகவலைப் பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு பைசா இல்லை. இழப்பீடு கேட்க வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. பொய்ப் புகார், அற்பப் புகார் என்று முடிவானால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளவும் 17-வது பிரிவு வழி செய்கிறது. விதிகள் வந்ததே 2025 நவம்பரில்தான். முக்கியப் பிரிவுகளுக்கு அதிலிருந்து இன்னும் 18 மாதம் அவகாசம். திருடனுக்கு அவகாசம் தேவைப்படவில்லை. 'டிஜிட்டல் அரஸ்ட்' என்று மிரட்டிப் பறித்த தொகை சுமார் 3,000 கோடி என்று கேட்டு உச்ச நீதிமன்றமே அதிர்ந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் தனியாக இருக்கிற ஓய்வூதியர்கள்தான் அந்தக் கும்பலுக்கு வாகான ஆட்கள். வீடியோ காலில் கைது செய்ய இந்த நாட்டில் எந்தச் சட்டமும் கிடையாது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

நாம் கேட்பது: இ-சேவை மையத்திலும் கொள்முதல் நிலையத்திலும் வாங்குகிற நகலுக்கு யார் பொறுப்பு, எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று அங்கேயே எழுதி ஒட்ட வேண்டும். அரசு வேலைக்கு முதியவர் வாயால் ஓடிபி கேட்கும் முறை ஒழிய வேண்டும். மோசடியில் பணம் இழந்த முதியவருக்கு இழப்பீடு சட்டத்தில் வர வேண்டும். ஆதாரில் விரல் ரேகையைப் பூட்டிவையுங்கள் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். பூட்டினால் ரேஷன் கடையில் ரேகை வேலை செய்யாது, ஒவ்வொரு மாதமும் திறந்து மூட வேண்டும். 75 வயது அம்மாவுக்கு அதை யார் செய்து கொடுப்பது?

சட்டம் வரும்வரை நாம்தான் செய்ய வேண்டும். கிளைத் தோழர்கள் கொள்முதல் தொடங்கும் முன் தெருத் தெருவாகத் திண்ணையில் போய் உட்காருங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் நகலை எடுத்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் "பிஎம் கிசான்" என்ற பெயரில் ஏபிகே பைல் வந்தால் தொடாமல் அழிக்கச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். பணம் போனது தெரிந்தால், மகன் வரட்டும், மானம் போகுமே என்று காத்திருக்காமல் அந்த நிமிஷமே அடிக்க வேண்டும். கூடவே வங்கிக்கு எழுத்தில் புகார், ரசீதுடன். வங்கி மறுத்தால் கட்சி அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள், மனுவை நாமே எழுதிக் கொடுப்போம்.