நனைந்து காயும் இடம்

2019 ஜூலையில் காஞ்சிபுரத்தில் அத்தி மரத்தாலான பெருமாள் சிலையை, அத்தி வரதரைப் பார்க்க நின்ற கூட்டத்தில் பலர் வாயிலும் இருந்த கேள்வி: 1979 முதல் அனந்தசரஸ் குளத்தின் அடியில் கிடந்த மரம் எப்படி உளுக்காமல் இருக்கிறது? 48 நாள் காட்சி தந்துவிட்டு ஆகஸ்ட் 17 இரவு அவர் மறுபடி நீருக்குள் போனார். பக்தி தரும் விடை இருக்கட்டும். தச்சர்கள் தரும் விடையும் ஒன்று உண்டு. அத்தி வெளியில் கிடந்தால் சீக்கிரம் கெடும், தண்ணீருக்குள் நெடுநாள் உழைக்கும். கிணற்றின் அடியில் வைக்கும் மரவளையத்துக்கு அதைத் தேடிப் பிடித்ததும் அதனால்தான். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மூழ்கிய மரத்தில் காற்று இல்லை. நன்றாகக் காய்ந்ததில் ஈரம் இல்லை.

படகுக்கோ இரண்டும் சேர்ந்து வாய்க்கிறது. பாதி நீரில், பாதி வெயிலில். நீர் தொட்டுத் தொட்டு விலகும் அந்தக் கோட்டில்தான் மரம் முதலில் கெடும்.

அக்காள் மகன் தன் கையால் ஒரு சிறு படகு செய்து முடித்து, வார்னிஷ் டப்பாவும் வாங்கிவிட்டான். "நாளைக்கே அடிச்சிடலாமா மாமா?" என்றான். கூடாதுடா என்றேன். ஈரம் உள்ளே இருக்கும்போது வார்னிஷ் அடித்தால் அது வெளியேற வழியில்லாமல் கொப்புளமாக எழும்பும், பிறகு உரியும். நிழலில், காற்றோட்டத்தில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

காய்ந்த பிறகு உப்புத்தாள். 80-ல் தொடங்கி 120, பிறகு 220. எப்போதும் ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே போன கீறல் வார்னிஷுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். ஆணிக்குழிகளில் மக்கு. தூசியை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, அதுவும் ஆறியபின் முதல் பூச்சு. அதை மட்டும் நன்றாக இளக்கி அடிக்க வேண்டும், மரம் குடிக்கட்டும். பலகைகளின் வெட்டு முனைகளும் படகின் அடிமரமான ஏராவை ஒட்டிய மூலைகளும் அதிகம் குடிக்கும். அங்கே இன்னும் இரண்டு முறை கொடுத்தாலும் தகும்.

கட்டுமரத்துக்கு வார்னிஷே கிடையாது. கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் காயப் போடுவார்கள். வார்னிஷ் அடித்த படகுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஓட்டி முடித்ததும் கரையேற்றிக் கவிழ்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை அந்த நீர்க்கோட்டை மட்டுமாவது லேசாகத் தேய்த்து மறுபடி பூச வேண்டும்.