தொழுநோய் வந்த ராஜாவின் பொம்மைக்கு ஒரு டாக்டர் போட்ட மார்க்

1/
மாமா பையன் ஒருத்தன் பொம்மை சேகரிக்கிறான். பொம்மைன்னு சொன்னா கோபம் வரும். "கலெக்டிபிள் ஃபிகர்னு சொல்லுங்கண்ணா" என்பான். போன வாரம் ஒரு பெரிய பெட்டியோட வீட்டுக்கு வந்தான். "நீங்க டாக்டர்தானே, இதை நல்லா பார்த்து மார்க் போடுங்க" என்றான். பார்த்தேன். மார்க்கும் போட்டேன். கதை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
பொம்மை யாருடையது தெரியுமா? ஜெருசலேம் அரசர் நான்காம் பால்ட்வின். 1161-ல் பிறந்தவர். 13 வயதில் அரியணை ஏறினார். 16 வயதில் சலாவுத்தீனின் படையை எதிர்த்து நின்று ஜெயித்தார். 24 வயது நிறையும் முன்பே இறந்தும் போனார். இத்தனைக்கும் சின்ன வயசிலிருந்தே அவருக்குத் தொழுநோய்.

3/
பெட்டிக்குள்ள என்ன இருந்தது?
நிஜ மனிதரில் ஆறில் ஒரு பங்கு அளவு, ஏறக்குறைய ஒரு அடி உயர உருவம். உலோக வளையங்களைக் கோர்த்துச் செய்த சங்கிலிக் கவசம். அதன் மேல் துணி அங்கி. வாள், கேடயம். கழற்றி மாட்ட நாலு ஜோடிக் கைகள். எல்லாத்துக்கும் மேல, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளி முகமூடி. விலை, ஒரு நல்ல மொபைல் போன் வாங்குற விலை.

4/
முதல்ல பாராட்டிடுறேன். சங்கிலிக் கவசம் அருமை. கையில் எடுத்தா கனம் தெரியுது. 12-ம் நூற்றாண்டுப் போர்வீரன் போட்டது அப்படித்தான். முழங்காலில் ஒரு தகட்டுக் கவசம் மாட்டியிருக்காங்க, அது பிற்காலத்து சமாச்சாரம். பரவாயில்லை. துணித் தையல் சுத்தம். உடைக்கும் கவசத்துக்கும் சேர்த்து பத்துக்கு ஒன்பது.

தம்பி முகத்துல வெளிச்சம். இனிமேதான் பிரச்சினை.

5/
அடுத்து கையைப் பார்த்தேன். நோயாளி உள்ளே வந்ததும் என் கண் முதல்ல அங்கதான் போகும், பழக்கதோஷம்.

பொம்மை வலது கையில் வாளை இறுக்கிப் பிடிச்சிருக்கு. அஞ்சு விரலும் கச்சிதமா மடங்கியிருக்கு. கட்டை விரல் மேலே வந்து பூட்டியிருக்கு. அழகான பிடி.

ஆனா பால்ட்வினுக்கு நோய் முதல்ல தெரிந்ததே அந்த வலது கையில்தான்.

6/
அதைக் கண்டுபிடிச்சது அவருடைய ஆசிரியர் வில்லியம். பின்னாளில் தீரு நகரத்தின் பேராயர் ஆனவர். தீரு இன்றைக்கு லெபனானில் இருக்கு. அந்தக் காலத்து வரலாற்றை எழுதி வைத்தவரும் இவரே.

பையனுக்கு அப்போ ஒன்பது வயசு இருக்கும். பிரபுக்களின் பிள்ளைகளோட விளையாட்டு. ஒருத்தரையொருத்தர் நகத்தால் கிள்ளிக்கணும். மத்த பசங்க கத்துறாங்க. இவன் மட்டும் சும்மா நிக்கிறான்.

7/
வாத்தியாருக்கு முதலில் பெருமை. பையனுக்கு எவ்வளவு பொறுமைன்னு நினைச்சார். திரும்பத் திரும்ப அதையே பார்த்ததும் சந்தேகம் வந்தது. கூப்பிட்டு விசாரிச்சார். வலது கையில் பாதிக்கு உணர்ச்சியே இல்லை.

நான் படித்த நோய் வரலாறுகளிலேயே மிகத் துல்லியமான ஒன்று இது. எழுதியவர் டாக்டரே கிடையாது. 800 வருஷத்துக்கு முந்தைய ஒரு வாத்தியார்.

8/
இதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். தொழுநோய்க் கிருமிக்குப் பிடித்த இடம் தோலும் நரம்பும். முழங்கையின் உள்பக்கம் இடிச்சுக்கிட்டா 'சுர்'ருன்னு ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு இதற்கு ரொம்பப் பிடிக்கும். அது செத்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் நகம் மாதிரி வளைஞ்சு நிக்கும். மணிக்கட்டு நரம்பும் போனால் கட்டை விரல் எதிர்ப்பக்கம் வராது. அதுக்கப்புறம் வாள் பிடிக்க முடியாது, டீ கிளாஸ் பிடிப்பதே கஷ்டம்.

9/
அப்படின்னா அவர் எப்படிக் குதிரை ஓட்டினார்? முழங்காலால். கடிவாளத்தை நம்பாமல், தொடையையும் முழங்காலையும் அழுத்திக் குதிரையைத் திருப்பக் கத்துக்கிட்டார்.

அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது 1177 நவம்பர் 25-ல் நடந்த மோன்ட்கிசார்ட் போருக்காக. நான் மலைக்கிறது அந்த முழங்காலைப் பார்த்துதான். ஒரு பத்து வயசுப் பையனுக்கு யாரோ உட்கார்ந்து பிசியோதெரபி யோசிச்சிருக்காங்க!

பொம்மையில் இதற்கு ஒரு அடையாளமும் இல்லை. கைக்கு மார்க்: பத்துக்கு ரெண்டு.

10/
"அண்ணா, கட்டுப் போட்ட கை ஒரு ஜோடி இருக்குண்ணா" என்று எடுத்துக் காட்டினான். இருந்தது. வெள்ளைத் துணி சுற்றி, அழகா. அந்தக் கட்டுக்குள்ளயும் அதே நேரான அஞ்சு விரல்! நோயை மேலே துணியா ஒட்டியிருக்காங்க. உள்ளே ஆள் நல்லாத்தான் இருக்கார். சரி, முயற்சிக்கு அரை மார்க்.

11/
இப்போ முகமூடி. எல்லாரும் இந்த பொம்மையை வாங்குறதே அதுக்காகத்தான்.

அந்த வெள்ளி முகமூடி ரிட்லி ஸ்காட்டின் 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படத்தில் வந்தது. 2005-ல் வெளியானது. எட்வர்ட் நார்ட்டன் முகத்தைக் காட்டாமலே நடித்திருப்பார். எனக்கும் பிடித்த நடிப்பு. ஆனா பால்ட்வின் முகமூடி போட்டதாக அவர் காலத்துக் குறிப்புகளில் கிடையாது. அது சினிமாவின் கற்பனை.

12/
குறிப்பு என்ன சொல்லுது தெரியுமா? நோய் முற்றியபோது அவருடைய கைகால்களும் முகமும்தான் அதிகம் பாதிக்கப்பட்டன, அவரைப் பார்க்கும்போதெல்லாம் விசுவாசிகள் மனமிரங்கினார்கள் என்று வில்லியம் எழுதுகிறார்.

இதை ரெண்டு தடவை படிங்க. பார்க்கும்போது. அப்படின்னா அவர் முகத்தை அவங்க பார்த்திருக்காங்க. அவர் மறைக்கலை, அவங்களும் ஓடலை.

13/
1179-ல் ஒரு சண்டையில் குதிரையிலிருந்து விழுந்துட்டார். தானா ஏற முடியலை. ஒரு வீரன் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு தப்பித்தான்.

1183-ல் கண் பார்வையும் போயிட்டு. கையும் காலும் ஒத்துழைக்கலை. அப்பவும் முற்றுகையில் இருந்த கெராக் கோட்டையை மீட்கப் பல்லக்கில் படுத்தபடியே படையோடு போனார்.

யோசிச்சுப் பாருங்க. தொழுநோய் உள்ள ஒருத்தரை முதுகில் சுமந்தவன், பல்லக்குத் தூக்கினவங்க, கிட்ட நின்று உத்தரவு வாங்கினவங்க. அது மருந்தே இல்லாத காலம்.

14/
தம்பி முகமூடியைக் கழற்றினான். உள்ளே இன்னொரு முகம். சதை அழுகி, பல் வெளியே தெரிய, பேய்ப் படத்தில் வர்ற மாதிரி. "செம டீடெயில்ல?" என்றான்.

டீடெயில்தான். ஆனா அது இந்த நோயோட டீடெயில் இல்லை. தொழுநோயில் சதை அழுகிக் கொட்டாது. தோல் தடிக்கும். காது மடல் தடிக்கும். புருவ முடி உதிரும். மூக்குத் தண்டு உள்வாங்கும். இமை நரம்பு போனால் கண்ணை மூட முடியாது, கருவிழி காய்ந்து புண்ணாகும். இந்த நோயாளிகள் பார்வை இழக்க அது ஒரு முக்கியக் காரணம். முகத்துக்கு மார்க்: பத்துக்கு மூணு.

15/
"விரல் அழுகி விழும்னு சொல்றாங்களேண்ணா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் நம்ம வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்தவர். கிருமி நேரா விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயம்தான் விரலைத் தின்கிறது என்று காட்டியவர். அடுப்புச் சூடு, ஆணி, கொப்புளம் எதுவும் உறைக்காது. ராத்திரி தூங்கும்போது எலி கடிச்சாக்கூட தெரியாது. அதுக்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தாங்க!

வளைந்த விரலை, வேறு தசைநாரை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தவரும் அவரே.

16/
ஒரு பொம்மைக்கு ஏன் இவ்வளவு வம்புன்னு கேட்பீங்க. சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தார். பரோட்டா மாஸ்டர். கையில் தீக்காயம், மூணாவது தடவை. "கல்லு சுடுறதே தெரியல சார், பழகிப்போச்சு" என்றார். முழங்கையைத் தொட்டுப் பார்த்தேன். நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருந்தது. முதுகில் வெளிறிய படை. பஞ்சு வைத்துத் தடவினேன், தெரியலை. ரெண்டு வருஷமா இருக்காம்.

17/
"ஏன்யா முன்னாடியே வரலை?"

"இது தேமல்னு நினைச்சேன் சார். அந்த நோய்னா மூஞ்சி அழுகும்ல?"

அவருக்கு அந்த நோய் எப்படி இருக்கும்னு சினிமாவும் ஊர்ப்பேச்சும் சொல்லிக் கொடுத்திருக்கு. பேய் முகத்துக்காகக் காத்திருந்தார். அதுக்குள்ள விரல் வளைஞ்சிருச்சு. மருந்து கொடுத்தோம், கிருமி போச்சு. சுண்டு விரல் மட்டும் முழுசா நிமிரலை. ஆறு மாசத்துக்குள் வந்திருந்தால் அந்த நரம்பைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

போகும்போது அவர் கேட்டது ஒண்ணுதான். "ஓட்டல்ல யார்கிட்டயும் சொல்ல வேணாம் சார்."

18/
பால்ட்வினுக்கு முகமூடி தேவைப்படலை. பரோட்டா மாஸ்டருக்குத் தேவைப்பட்டது. நடுவில் 800 வருஷம்.

இன்னைக்கு நம்மகிட்ட மூணு மருந்து சேர்ந்த கூட்டு சிகிச்சை இருக்கு. அரசு மருத்துவமனையில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாசம் அல்லது ஒரு வருஷம். முழுசா குணமாகும். மருந்து ஆரம்பித்தால் சீக்கிரமே மற்றவருக்குப் பரவாத நிலை வந்துவிடும். பெரும்பாலானவர்களின் உடம்புக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு.

ஆனாலும் தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதியை நாம் சட்டத்திலிருந்து எடுத்ததே 2019-ல்தான்.

19/
"அதெல்லாம் ஒழிஞ்சு போச்சே டாக்டர்" என்பவர்களுக்கு: அந்தப் படம் வந்த அதே 2005-ன் கடைசியில் இந்தியா ஒரு அறிவிப்பு செய்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே கொண்டு வந்துட்டோம் என்று. நல்ல சாதனை. ஆனா அதை 'ஒழிந்தது' என்று படிச்சுட்டோம். இன்றைக்கும் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் புது நோயாளிகள் இந்தியாவில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உலகத்தில் பாதிக்கு மேல் நம்ம நாட்டில்.

20/
அதனால என் தீர்ப்பு: பொம்மை வாங்கலாம். வேலைப்பாடு இருக்கு. ஒரு பையன் இதைப் பார்த்து 12-ம் நூற்றாண்டைப் படிக்கப் போனால் நல்லதுதான். ஆனா இவரை 'லெப்பர் கிங்' என்று பீடத்தில் பொறிச்சிருக்காங்க. நோயின் பேரையே ஆளின் பேரா ஆக்குறது. நாம 'குஷ்டரோகி' என்ற சொல்லை விட்டோம். 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்கிறோம். அதுக்கு ஒரு மார்க் கட்.

மொத்தத்தில் பத்துக்கு ஐந்து. பாஸ், ஆனா ஜஸ்ட் பாஸ்.

21/
தம்பி கொஞ்ச நேரம் பேசலை. கோபமோன்னு நினைச்சேன். அப்புறம் வாளை எடுத்து இடுப்பு உறையில் சொருகினான். வலது கைக்கு, விரல் தளர்ந்து இருக்கும் இன்னொரு கையை மாட்டினான். முகமூடியைப் பெட்டியில் போட்டான்.

"தலையை ரீபெயின்ட் பண்ணக் கொடுக்கலாம்ணா. எப்படி இருக்கணும்னு எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன்: புருவம் வேண்டாம். காது மடல் கொஞ்சம் தடிப்பு. மூக்கு சற்றே தாழ்ந்து. கண் நேரா பார்க்கணும். மறக்காம, இருபது வயசுப் பையன் முகம்.

22/
கடைசியா உங்களுக்கு.

உடம்பில் வெளிறியோ சிவந்தோ ஒரு படை. அரிக்காது, வலிக்காது, அந்த இடத்தில் வியர்க்காது. தொட்டால் சரியா தெரியாது. அல்லது கைகாலில் மரத்துப்போன இடம். சூடு உறைக்காமல் அடிக்கடி காயம். சுண்டு விரல் வளைவு. இதில் எது இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம். மரத்துப்போன படை எல்லாமே தொழுநோய் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது டாக்டர்.

23/
அந்த வாத்தியார் செய்தது இவ்வளவுதான். பையன் கத்தாமல் நிற்கிறானே என்று கவனிச்சார், கூப்பிட்டுக் கேட்டார். அவர்கிட்ட மருந்து இல்லை. நம்மகிட்ட இருக்கு.

வீட்டில் யாருக்காவது "சுட்டது தெரியவே இல்லை" என்று நடந்தால், பொறுமைசாலின்னு பாராட்டாதீங்க. கூப்பிட்டு விசாரிங்க.

நாலு பேருக்குப் பகிருங்க.