கயிற்றுக்கு இந்தப் பக்கம்



இங்கிலாந்தில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்க டிசம்பரில் கிளம்புகிற பெற்றோர் நம்மில் நிறையப் பேர். போன இடத்தில் குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். லண்டனிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம் போனால் நார்ஃபோக் கடற்கரையில் ஹார்ஸி என்று ஓர் ஊர் இருக்கிறது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை சாம்பல் நிற சீல்கள் அங்கே கரையேறிக் குட்டி போடும். அண்மை ஆண்டுகளில் ஒரு பருவத்துக்கு 2,000 குட்டிகளுக்கு மேல் பிறக்கின்றன!

கடற்கரைக்குள் இறங்கக் கூடாது. மணல்மேட்டின் மேல் கயிறு கட்டிப் பாதை விட்டிருக்கும். அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். பளிச்சென்ற ஜாக்கெட் போட்டுக்கொண்டு சிலர் நிற்பார்கள். ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஹார்ஸி சீல்ஸ்’ அமைப்பின் தன்னார்வலர்கள். வடகடல் காற்று காதைப் பிய்க்கும். சம்பளம் கிடையாது.

குட்டிகளைக் கணக்கெடுப்பது, அடிபட்ட சீலைப் பார்த்தால் மீட்புக் குழுவுக்குச் சொல்வது என்று இவர்களுக்கு வேலை உண்டு. ஆனால் சீல்களைக் கவனிப்பதைவிட, சீல் பார்க்க வரும் நம்மைக் கவனிப்பதுதான் பெரிய வேலை.

கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்கள் குறைவுதான். பாசத்தில்தான் தப்பு நடக்கிறது. வெள்ளை ரோமத்தோடு ஒரு குட்டி தனியாகக் கிடக்கிறது. கைக்குழந்தை மாதிரிக் கத்துகிறது. கண்ணிலிருந்து நீர் வழிகிறது. யார் மனசுதான் கேட்கும்? ‘ஐயோ, அம்மா விட்டுட்டுப் போயிடுச்சே’ என்று கிட்டே போகிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று கடலுக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

விஷயம் என்ன தெரியுமா? சீலுக்குக் கண்ணீரை மூக்குக்குள் வடியவைக்கும் குழாய் இல்லை. அதனால் சும்மா இருக்கும்போதும் கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டேதான் இருக்கும். தாயும் பெரும்பாலும் பக்கத்துத் தண்ணீரில்தான் இருக்கும். மனிதர்கள் கூடி நின்றால் அது கரைக்கு வரத் தயங்கும். திரும்பத் திரும்பத் தொந்தரவு நடந்தால் குட்டியை விட்டே போய்விடவும் கூடும்.

குட்டி பால் குடிப்பது மூன்று வாரம்தான். நாம் வாங்குகிற ஃபுல் கிரீம் பாலில் கொழுப்பு 6 சதவிகிதம். சீல் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. பிறக்கும்போது 14 கிலோ சுமாருக்கு இருக்கும் குட்டி, அந்த மூன்று வாரத்தில் 40 கிலோவைத் தாண்டி உருண்டு திரண்டுவிடும். அத்தனை நாளும் தாய் ஒரு மீன்கூடத் தின்பதில்லை. தன் உடம்பைக் கரைத்துத்தான் ஊட்டுகிறது. அதில் ஒரு வேளைப் பால் தவறினால் என்ன நஷ்டம் என்று, பிள்ளை வளர்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பால்குடி முடிந்ததும் தாய் கடலுக்குப் போய்விடும். குட்டி வெள்ளை ரோமத்தை உதிர்த்துவிட்டு, சேர்த்துவைத்த கொழுப்பிலேயே பல நாட்கள் கரையில் கிடக்கும். பிறகு தானே கடலில் இறங்கி, தானே மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். ஆக, தனியாகக் கிடக்கும் குட்டி எல்லாம் அநாதை இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாம்பல் நிற சீலுக்காக பிரிட்டன் 1914இலேயே சட்டம் போட்டது. வலையைக் காப்பாற்ற மீனவர்கள் சீலைச் சுடலாம் என்றிருந்த சலுகையும் இங்கிலாந்தில் 2021 மார்ச்சில் போய்விட்டது. மீனவர்களுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. வலையில் விழுந்த மீனை சீல் கடித்துக் குதறினால் நஷ்டம் அவர்களுக்குத்தானே! ஆனால், கொல்வது குற்றம் என்கிற இன்றைய சட்டம், கிட்டே போய்த் தொந்தரவு செய்வதைப் பெரும்பாலான இடங்களில் குற்றமாக வைக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்த ஜாக்கெட்காரர்கள் நிற்கிறார்கள். அபராதம் போட முடியாது, பிடித்து நிறுத்தவும் முடியாது. வாய்ப்பேச்சுதான்.

யோசித்துப் பாருங்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, கையில் மொபைலோடு கயிற்றைத் தாண்டப் போகிற ஒரு அப்பாவிடம் முன்பின் தெரியாத ஒருவர் போய், ‘வேண்டாம் சார்’ என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் கோபம் வரக்கூடாது, குழந்தையும் அழக்கூடாது. அப்பார்ட்மென்ட் வாசலில் காரைக் குறுக்கே நிறுத்தியவரிடம் இதமாகப் பேசவே நமக்குப் பொறுமை இருப்பதில்லை. இவர்கள் நாள் முழுக்க இதைச் செய்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை மேல்தான் மரியாதை.

வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதல்லவா, வீசி விளையாடுவது? கடலுக்குள் போய்விட்டால் இளம் சீல்கள் விளையாட்டாக அதில் தலையை விடுகின்றன. எடுக்கத் தெரியாது. உடம்பு வளர வளர வளையம் கழுத்தில் இறங்கி, தோலையும் சதையையும் அறுத்துப் புண்ணாக்கிவிடும். நார்ஃபோக் கரையில் இப்படி மாட்டிய சீல்களை மீட்டு மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஓட்டை இல்லாத தட்டாக வாங்கிக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இந்த முறை ஹார்ஸிக்குப் போகிறவர்கள் கனமான கோட்டும் ஒரு பைனாகுலரும் எடுத்துக்கொள்ளுங்கள். மகன் வீட்டு நாயையும் கூட்டிப்போனால் கையிலிருந்து கயிற்றை விட்டுவிடாதீர்கள். அழகாக இருக்கிறதே என்று தொடவும் போகாதீர்கள். சீல் கடித்தால் ஏற்படும் புண் லேசில் ஆறாது. நின்றுகொண்டிருக்கும் தன்னார்வலரிடம் நாலு கேள்வி கேளுங்கள், ஒரு நன்றியும் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள், படங்களும் அனுப்புங்கள். சீல் குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த செல்ஃபியை மட்டும் போடமாட்டோம். அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி!

அன்புடன்,
ஆசிரியர்