விமானம் நிற்கிறது; வரலாறு எங்கே?

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலியைக் கடந்தவுடன் விரியும் பல்லேகலைப் பகுதியில் சின்னாட்களுக்கு முன் யாம் கண்ட காட்சியொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. தெல்லிப்பழையைச் சேர்ந்த முதிய கமக்காரர் ஒருவர் தம் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். காணி சம்பந்தமான பத்திரங்கள் சிலவற்றைப் பார்வையிட யாம் அங்கே சென்றிருந்தோம். முற்றத்தில் அமர்ந்து உறுதிகளைப் புரட்டிக் கொண்டிருக்கையில் மலைக்கு அப்பால் ஓர் உலங்கு வானூர்தியின் ஓசை எழுந்தது. ஊர்தி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குள் பேரப்பிள்ளை வீட்டினின்றும் ஓடிவந்து, "எம்.ஐ. பதினேழு!" என்று கூவினான். கூறியவாறே அது வந்தது. பையன் முகம் மலர்ந்தது. திரும்பிப் பார்த்தோம், பெரியவரின் நாற்காலி வெறுமையாயிருந்தது. அவர் எழுந்து சென்று சுவரோரம் ஒட்டி நின்றார்.

ஓசை அடங்கியபின் பையன் வினவினான்: "அம்மப்பா, ஏன் அங்கை போய் நிற்கிறியள்?"

"ஒண்டுமில்லை ராசா. நீ உதை எங்கை படிச்சனி?"

"புத்தகத்திலையும் படத்திலையும்."

"நான் காதாலை படிச்சனான்" என்றார் பெரியவர். அவ்வளவே. மீண்டும் வந்து அமர்ந்து உறுதியைக் கையிலெடுத்தார்.

அந்த ஒரு வாக்கியம் எம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை.

இரு வகைக் கல்வி

போர் விமானங்களைக் காதலிப்போர் உலகெங்கும் உளர். பழைய விமானத்தின் வரிசை எண்ணையும், அதன் எஞ்சினின் பெயரையும், அது எந்த ஆண்டில் எந்த அணியிற் பறந்தது என்பதையும் சொல்லக் கேட்டால் வியப்பே தோன்றும். கண்டியிலும் அத்தகைய இளைஞர் உளர். தமிழ்ப் பிள்ளைகளும் அவருள் அடங்குவர். இதனை யாம் குறைகூற வரவில்லை. இரும்பையும் காற்றையும் வென்ற மனித அறிவை மதிப்பது பிழையன்று. 1942 ஏப்ரல் 4ஆம் நாள் கொக்கலையிலிருந்து கற்றலைனா நீர்விமானத்திற் சென்று, யப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதை முதலிற் கண்டு செய்தி அனுப்பிய கனடிய விமானி லெனாட் பேர்ச்சோலின் கதையை இன்றும் நாம் அறிந்திருக்கிறோமெனில், அது பெரும்பாலும் இத்தகைய ஆர்வலர் காத்த செல்வமே. மறுநாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இவற்றையெல்லாம் விடாது எழுதி வைத்தோர்க்கு நாடு கடமைப்பட்டுள்ளது.

ஆயின் வடக்கிலும் கிழக்கிலும் வேறொரு விமான அறிவு வளர்ந்தது. அதனை ஒருவரும் விரும்பிக் கற்கவில்லை. ஏழு வயதுக் குழந்தையும் ஓசை கொண்டே இனம் பிரித்தது. இத்தாலியில் ஆக்கப்பட்ட சிறு விமானம் மக்கள் வாயிற் 'சியாமாசெட்டி' ஆயிற்று. மெல்ல ஊர்ந்து வந்து குண்டைத் தள்ளியது 'சகடை' எனப்பட்டது. ஓசைக்கு முன்னரே வந்து போவது 'கிபீர்'. ஆளின்றி வானிற் சுற்றிச் சுற்றி உளவு பார்த்தது 'வண்டு'. எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இப்பெயர்கள் இல்லை. எந்த ஓசைக்குப் பதுங்குகுழிக்குள் ஓட நேரம் உண்டு, எந்த ஓசைக்கு நேரமில்லை என்பதே அக்கல்வியின் பாடத்திட்டம்.

ஒரே பொருளைப் பற்றிய இரு அறிவுகள் இவை. ஒன்று அரசின் காட்சிக்கூடத்தில் ஏறியிருக்கிறது. மற்றையது முதியோரின் காதுகளில் மட்டும் தங்கி, அவரோடு மறைந்துகொண்டிருக்கிறது. எமது முறைப்பாடு இதுவே.

பலகை சொல்லாத செய்தி

இலங்கை விமானப்படை 1951 மார்ச் 2ஆம் நாள் தோன்றியது. அதன் பழைய விமானங்கள் இரத்மலானை அரும்பொருட்காட்சிச் சாலையிற் பேணப்படுகின்றன. அவற்றுள் ஆர்ஜென்தீனாவில் ஆக்கப்பட்ட 'புக்காரா' ஒன்று. அப்பெயர் தென்னமெரிக்கப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியிற் கோட்டையைக் குறிக்கும். 1982இல் போக்லண்ட் தீவுப் போரிற் பறந்த இவ்வினத்தில் நான்கினை இலங்கை 1993இல் பெற்றது. மூன்று அழிந்தன, எஞ்சியது காட்சிப் பொருளாயிற்று. அரிய விமானம் என்பதால் அதைக் காண ஆர்வலர் அவாவுவர், அவாவட்டும்.

1995 சூலை 9ஆம் நாள் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தனர். அங்கே விமானக் குண்டு வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 22இல் நாகர்கோவிற் பாடசாலையிற் பிள்ளைகள் மாண்டனர். இறக்கையின் நீளத்தையும், எஞ்சினின் வலுவையும், ஆயுதத்தின் எடையையும் சேவையின் ஆண்டுகளையும் கூறும் பலகையொன்று, அந்த ஆயுதம் எங்கே வீழ்ந்தது என்று மட்டும் கூறாதுவிடின், அது பாதி உண்மையாகும். நீதிமன்றில் பாதி உண்மை கூறும் சாட்சியை நாம் என்னவென்று அழைப்போம்?

இது தமிழர் குறை மட்டுமோ எனின், அன்று. 1959இல் வாங்கப்பட்ட 'ஜெட் புரோவோஸ்ட்' விமானங்கள் சீனன்குடாவிற் களஞ்சியப்படுத்தப்பட்டுக் கிடந்தன. 1971 ஏப்ரலில் அவற்றை வெளியே எடுத்து வானேற்றினர். எவர்மீது? கிளர்ந்தெழுந்த சிங்கள இளைஞர்மீது. கண்டிக்கு அயலான கேகாலை மாவட்டம் அக்கிளர்ச்சியின் பெருங்களங்களுள் ஒன்று. இந்நாட்டு விமானப்படை தன் நாட்டுக் குடிமக்கள்மீது முதன்முதல் குண்டு வீசியது அப்போதேயாம். அவ்விளைஞரின் தாய்மாரும் எந்தப் பலகையிலும் தம் மக்களைக் காணார். ஆகவே யாம் கேட்பது ஓரினத்துக்கான சலுகையன்று, முழுக் கணக்கே.

மறுப்புகளும் விடைகளும்

எதிர்த்தரப்பார் மூன்று நியாயங்களைக் கூறுவர். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது: காட்சிச்சாலை பொறியின் வரலாற்றுக்குரியது, அரசியலை அங்கே நுழைக்கலாகாது என்பது. இவ்வாதம் புதிதன்று. கிரோசிமாவில் அணுகுண்டு வீசிய 'எனோலா கே' விமானத்தை மையமாக வைத்து அமெரிக்க சுமித்சோனியன் நிறுவனம் ஒரு கண்காட்சியைத் திட்டமிட்டது. குண்டுக்கு இலக்கானோரின் நிலையும் அதில் இடம்பெறவிருந்தது. பழம்படையினர் சங்கங்களும் காங்கிரஸ் உறுப்பினரும் எதிர்க்கவே 1995 சனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இயக்குநரும் பதவி துறந்தார். 2003இல் விமானம் முழுமையாகக் காட்சிக்கு வந்தபோது பலகையிற் பெரும்பாலும் அளவுகளே இருந்தன. அரசியல் நீங்கிவிட்டதோ? இல்லை. மௌனமும் ஓர் அரசியலே என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

இரண்டாவது: விமானிகளின் தியாகத்தை இது இழிவுபடுத்தும் என்பது. இங்கிலாந்தில் டக்ஸ்போட் என்னுமிடத்திலுள்ள அமெரிக்க விமானக் காட்சிச்சாலையின் வெளிப்புறத்திற் கண்ணாடிப் பலகைகள் நிற்கின்றன. போரிற் காணாமற்போன 7,031 விமானங்களின் உருவங்கள் அவற்றிற் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே செல்வோர் அதனைக் கண்டே செல்லவேண்டும். இழப்பைக் காட்டியதால் எந்த விமானியின் புகழும் குன்றவில்லை. அங்கே தம்பக்க இழப்பு மட்டுமே எண்ணப்பட்டுள்ளது என்பது உண்மை. ஆயின் பொறியோடு துயரையும் நிறுத்தலாம் என்பதற்கு அது போதிய சான்று.

மூன்றாவதே கடினமானது: "உங்களவர் செய்ததோ?" என்பது. இக்கேள்வியினின்றும் நழுவுவது நேர்மையன்று. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 55 பேர் மாண்டனர். அவருட் பெரும்பான்மையோர் தமிழரே. 2007 மார்ச் 26இல் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்காவைத் தாக்கியபோது நம்மவரிற் பலர் மகிழ்ந்தனர். வானிலிருந்து வீழும் குண்டின் கொடுமையை நன்கறிந்த சமூகமே, குண்டு வேறு திசையில் வீழ்ந்தபோது கைதட்டியது. 2009 பெப்ரவரி 20இல் அவற்றுள் ஒன்று கொழும்பு இறைவரித் திணைக்களக் கட்டடத்தின்மீது வீழ்ந்தபோது மாண்டோரும் காயமுற்றோரும் உளர். இவையும் அக்கணக்கில் எழுதப்படல் வேண்டும். எம் பக்கத்து ஏட்டைக் கிழித்துவிட்டு மறுபக்கத்து ஏட்டை மட்டும் வாசிக்கக் கேட்போமாயின், எமது வழக்குத் தோற்றதே.

கமக்காரர் கணக்கு

இன்னொரு செய்தியுண்டு, அதனைக் கமக்காரப் பெருமக்கள் நன்குணர்வர். விமானம் வானிற் பறப்பினும் அதற்கு வேண்டியது மண். பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டது. 1990 சூனில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் செம்மண் தோட்டங்களையும் வீடுகளையும் விட்டு வெளியேறினர். தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் வளர்ந்தது. போர் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், 2013 ஏப்ரலில், காணி எடுத்தற் சட்டத்தின்கீழ் 6,381 ஏக்கரை எடுப்பதற்கு அறிவித்தல் ஒட்டினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றின் கதவைத் தட்டினர். அதன்பின் பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டன. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, அதனை வரவேற்கிறோம். ஆயினும் விடுபடாத காணிகள் இன்றும் உள. தெல்லிப்பழைப் பெரியவர் கையிலிருந்த உறுதி அத்தகைய ஒன்றே. விமானத்தின் விலையைக் கணக்கிடுவோர் அவர் பயிரிடாத போகங்களையும் எண்ணிக் கூட்டுவராக.

செய்யத்தக்கது

2010 பெப்ரவரியில், சுதந்திர தினத்தையொட்டி, 'தேசத்திற்கு மகுடம்' என்னும் பெருங்கண்காட்சி இதே பல்லேகலையில் நடைபெற்றது. போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வெற்றியைக் காட்டினர். 2011 டிசெம்பரில் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையோ, பெப்ரவரி 4ஆம் நாளில் போரினாற் பாதிக்கப்பட்ட எல்லோர்க்கும் ஒருங்கே அனுதாபம் தெரிவிக்கும் தனி நிகழ்ச்சி வேண்டுமென விதந்துரைத்தது. அரசே நியமித்த குழுவின் சொல் அது. அதனைக் காட்சிச்சாலையின் வாயில்வரை கொண்டுசெல்லுமாறே கேட்கிறோம்.

ஒவ்வொரு போர் விமானத்தின் அருகிலும் அது பங்குகொண்ட களங்களும், அங்கே மாண்ட குடிமக்களின் விவரமும், வீழ்ந்த விமானிகளின் பெயரும் மூன்று மொழிகளிலும் எழுதப்படுக. சகடை என்றும் வண்டு என்றும் பெயரிட்ட மக்களின் சாட்சியம், அவர் உயிரோடிருக்கும்போதே பதிவு செய்யப்படுக. அரசு தாமதிப்பின் நம் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் இன்றே தொடங்கலாம். அதற்கு எவர் அனுமதியும் வேண்டா. விமான ஆர்வலரிடமும் ஒரு வேண்டுகோள்: உங்களைப்போல் நுணுக்கமாகக் குறிப்பெடுக்க வல்லார் வேறு யாருளர்? ஆதலின் வரிசை எண்ணோடு அந்த வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது இயலாததன்று. கண்டி நகரிலேயே போர்க் கல்லறைத் தோட்டமொன்று இருக்கிறது. ஆங்கிலேயரும், ஆபிரிக்கரும், இந்தியரும், இலங்கையரும், போரிற் பகைவராய் நின்ற இத்தாலியரும் அங்கே அருகருகே துயில்கின்றனர். அந்நியர் ஆண்டபோது முடிந்தது, நம்மவர் ஆளும்போது ஏன் முடியாது?

அந்தப் பையன் விமானங்களை வெறுக்கவேண்டுமென்று அவன் பாட்டனார் விரும்பவில்லை. விடைபெறும்போது அவர் எம்மிடம் கூறியது ஒன்றே: "அவன் படிக்கட்டும். ஆனா முழுக்கப் படிக்கட்டும்."