மூணே நாளில் உரியும் ஜெல் நகம்... யாரிடம் கேட்பது?

முகூர்த்த சீசன் வந்தால் மாங்காடு, பூந்தமல்லி பக்கம் மெஹந்தியோடு நெயில் எக்ஸ்டென்ஷனும் சேர்ந்துகொள்கிறது. கூடவே புலம்பலும். போர்டில் ஒரு ரேட், பில்லில் ஒரு ரேட். மூன்று வாரம் தாங்கும் என்ற ஜெல், மூன்றாம் நாளே உரிகிறது.

காசு போனதுகூடப் பரவாயில்லை. அசிட்டோனில் ஊறவைக்காமல் அவசரமாகப் பிய்த்தெடுத்தால், ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் வந்துவிடும். புது நகம் முழுதாக வளர ஆறு மாதம் ஆகும். விளக்கில் சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம். ஜெல்லில் சேர்க்கப்படும் டி.பி.ஓ. என்ற ரசாயனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடையே போட்டுவிட்டது. இங்கே பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ‘இம்போர்ட்டட் மேடம்’ என்பார்கள். அது பதிலா?

நகம்தானே என்று விடத் தேவையில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி இதையும் ‘சேவைக் குறைபாடு’ என்று கேட்கலாம். முதலில் 1915-க்கு போன். சரிவராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

ஆனால், ஆதாரம் வேண்டும். டெல்லி ஐ.டி.சி. மௌரியா ஹோட்டல் சலூனில் 2018-ல் முடியைத் தவறாக வெட்டியதற்காக மாடல் ஒருவருக்கு 2 கோடி ரூபாய் தரச் சொன்னது தேசிய ஆணையம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. குறை நடந்ததை அது மறுக்கவில்லை. இழப்புக்கு ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டது.

எனவே பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட், தோல் டாக்டர் சீட்டு எல்லாம் பத்திரம். போட்டோவை, வேறு கடையில் சரிசெய்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.