பணியிட வன்முறை: நீதியைத் தீர்மானிக்கும் முதல் சில மணி நேரங்கள்

புது தில்லி, ஜன. 22: கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட வழக்கில், குற்றவாளிக்கு வாழ்நாள் இறுதி வரை சிறைத் தண்டனை விதித்து சியால்டா கூடுதல் அமர்வு நீதிமன்றம் 2025 ஜனவரி 20-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மரண தண்டனை கோரி மேற்கு வங்க அரசு உயர் நீதிமன்றத்தை அணுகியது.

தண்டனை போதுமா என்பது குறித்து நாடு முழுவதும் விவாதம் நடைபெற்றது. ஆனால், இவ்வழக்கு எழுப்பிய மற்றொரு கேள்வி அந்த விவாதத்தில் பின்தங்கிவிட்டது. பணியிடத்தில் ஒரு கொடுங்குற்றம் நிகழ்ந்தால், அடுத்த சில மணி நேரங்களில் அந்த நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்தக் கேள்வி.

14 மணி நேரத் தாமதம்

2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி காலை, நீண்ட நேரப் பணிக்கு இடையே ஓய்வெடுக்கச் சென்ற மருத்துவரின் உடல் கருத்தரங்க அறையில் கண்டெடுக்கப்பட்டது. அன்று மாலை 6.10 மணி முதல் 7.10 மணி வரை, அதே மருத்துவமனையில் உடற்கூறாய்வு நடைபெற்றது. முதல் தகவல் அறிக்கை பதிவானதோ இரவு 11.45 மணிக்குத்தான்.

உடல் கண்டெடுக்கப்பட்டதற்கும் வழக்குப் பதிவுக்கும் இடையே ஏறத்தாழ 14 மணி நேரம் கடந்தது ஏன் என உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. ஐந்தாம் நாளில் விசாரணையைத் தொடங்கிய சிபிஐ, அதற்குள் குற்ற இடம் மாற்றத்துக்கு உள்ளாகியிருந்தது எனத் தெரிவித்தது. அனைத்தும் காணொலியாகப் பதிவு செய்யப்பட்டுள்ளதாகக் கூறி மாநில அரசு இதை மறுத்தது. விசாரணை நீதிமன்றமும் தனது தீர்ப்பில் மருத்துவமனை நிர்வாகத்தையும் காவல் நிலைய நடைமுறைகளையும் விமர்சித்துள்ளது.

குற்றம் நிகழ்ந்த இடம், கொல்லப்பட்டவரின் பணியிடம், உடற்கூறாய்வு நடந்த இடம் ஆகிய மூன்றும் இவ்வழக்கில் ஒரே நிறுவனம். தடயவியல் மருத்துவம் கற்பிக்கப்படும் ஒரு கல்லூரியிலேயே முதல் நாள் நடைமுறை குறித்து இத்தனை கேள்விகள் எழுந்தன என்றால், மற்ற பணியிடங்களின் நிலை குறித்துக் கவலை எழுவது இயல்பே.

மும்பை, பட்டேரி: முந்தைய பாடங்கள்

1973 நவம்பர் 27-ஆம் தேதி மும்பை கேஇஎம் மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், பணி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது அங்குப் பணியாற்றிய துப்புரவுத் தொழிலாளியால் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டதில் அவரது மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2015 மே 18-ஆம் தேதி உயிரிழக்கும் வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள் அவர் அதே மருத்துவமனையில் உணர்விழந்த நிலையில் இருந்தார்.

தாக்கியவருக்குக் கிடைத்தது ஏழு ஆண்டு சிறைத் தண்டனை மட்டுமே. தாக்குதல், கொள்ளை ஆகியவற்றுக்கு அவர் தண்டிக்கப்பட்டார். பாலியல் குற்றத்துக்கு அவர் தண்டிக்கப்படவேயில்லை. தொடக்கத்தில் ஆவணத்தில் இடம்பெறாத ஒரு குற்றத்தைப் பின்னாளில் நிறுவ இயலாது என்பதற்கு இவ்வழக்கு நிலையான சான்றாக விளங்குகிறது.

ராஜஸ்தான் மாநிலம் பட்டேரி கிராமத்தில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992 செப்டம்பர் 22-ஆம் தேதி அவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். உள்ளூர் சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை. ஜெய்ப்பூரில் நீதித்துறை நடுவரின் உத்தரவு கேட்கப்பட்டது. மருத்துவப் பரிசோதனை நடைபெற்றபோது 52 மணி நேரம் கடந்திருந்தது.

1995-இல் விசாரணை நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டவர்களைப் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இந்நிகழ்வை அடுத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில்தான் 1997 ஆகஸ்ட் 13-ஆம் தேதி விசாகா வழிகாட்டு நெறிமுறைகள் பிறந்தன. அவையே பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-க்கு அடிப்படையாயின. கோடிக்கணக்கான பெண் பணியாளர்களுக்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பெற்றுத் தந்தவருக்கு, அவரது சொந்த வழக்கில் உரிய நேரத்தில் பரிசோதனை கிடைக்கவில்லை.

காலம் அழிக்கும் சான்றுகள்

தடயவியல் மருத்துவத்தின் அடிப்படை எளிமையானது. உடலும் இடமும் நிகழ்ந்ததைப் பதிவு செய்து வைத்திருக்கும். ஆனால், அப்பதிவு ஒவ்வொரு மணி நேரமும் மங்கிக்கொண்டே செல்லும்.

சிராய்ப்பு, இரத்தக்கட்டு, கிழிந்த காயம், வெட்டுக் காயம், குத்துக் காயம் ஆகிய ஒவ்வொன்றும் எத்தகைய பொருளால், எவ்வாறு ஏற்பட்டது என்பதைக் காட்டும். முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள காயங்கள், தாக்கப்பட்டவர் தடுக்க முயன்றதை உணர்த்தக்கூடும். இரத்தக்கட்டின் நிறம் சிவப்பிலிருந்து நீலம், பச்சை, மஞ்சள் என மாறி, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மறையும். சில இரத்தக்கட்டுகள் ஓரிரு நாள்களுக்குப் பின்னரே வெளியே தெரியும் என்பதால் மறுபரிசோதனையும் தேவைப்படலாம்.

உயிரிழந்தோர் உடலில் வெப்பநிலை குறைவது, தசை விறைப்பு, இரத்தம் தேங்குவதால் தோலில் தோன்றும் நிறமாற்றம் ஆகியவை இறப்பு நேரத்தைக் கணிக்க உதவுகின்றன. நம் நாட்டின் வெப்பமான சூழலில் இம்மாற்றங்கள் விரைவாக நிகழும். கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றில், சட்டம்-ஒழுங்குப் பிரச்னை இருந்தாலன்றி சூரியன் மறைந்த பின் உடற்கூறாய்வு செய்யக் கூடாது என்பது 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை. செயற்கை ஒளியில் காயங்களின் நிறத்தைத் துல்லியமாக அறிவது கடினம் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் காரணமாகும்.

பாலியல் வன்கொடுமையில் 72 மணி நேரத்துக்குப் பின் உடலில் சான்று கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. குளிப்பது, உடையைத் துவைப்பது போன்ற இயல்பான செயல்களே சான்றை அழித்துவிடும். அதே வேளையில், காயம் இல்லாமையை இசைவு எனக் கருத முடியாது. ‘இரு விரல்’ பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என 2022 அக்டோபர் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் தெளிவுபடுத்தியது.

சட்டம் உண்டு, நடைமுறை உண்டா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184-ஆவது பிரிவு, பாலியல் வன்கொடுமை குறித்துத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பாதிக்கப்பட்டவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அறிக்கையை ஏழு நாள்களுக்குள் மருத்துவர் அனுப்ப வேண்டும். அரசு, தனியார் என எந்த மருத்துவமனையாயினும் உடனடியாக இலவச சிகிச்சை அளிப்பது கட்டாயம். பாதிக்கப்பட்டவர் நேரடியாக மருத்துவமனைக்கு வந்தாலும் பரிசோதனை செய்யலாம். காவல் துறைக் கடிதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கொல்கத்தா நிகழ்வுக்குப் பின், மருத்துவமனையில் வன்முறை நிகழ்ந்தால் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் சார்பில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படுவதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு என மத்திய சுகாதாரத் துறை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழு, தனி மத்தியச் சட்டம் தேவையில்லை. மாநிலச் சட்டங்களும் பாரதிய நியாய சன்ஹிதாவும் போதும் எனப் பரிந்துரைத்துள்ளது.

சட்டம் மட்டும் வன்முறையைத் தடுத்துவிடவில்லை என்பதும் உண்மை. 2023 மே 10-ஆம் தேதி கேரளத்தின் கொட்டாரக்கரையில், காவலர்கள் சிகிச்சைக்கு அழைத்து வந்த நபரே இளம் பெண் மருத்துவரைக் குத்திக் கொன்றார். தமிழகத்தில் 2008 முதலே மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. எனினும், 2024 நவம்பர் 13-ஆம் தேதி சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டார்.

ஓய்வறை இல்லாமை, 36 மணி நேரப் பணி, போதிய கண்காணிப்பு கேமராக்கள் இல்லாமை, ஆயுதச் சோதனை இல்லாத நுழைவாயில்கள் எனத் தடுப்பில் உள்ள ஓட்டைகளை உச்ச நீதிமன்றம் தனது 2024 ஆகஸ்ட் 20 உத்தரவில் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்வது முதல் கடமை.

தடுப்பு தவறும் நாளுக்கும் ஒவ்வொரு பணியிடமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். முதலில், பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சையும் பாதுகாப்பும் அளிக்க வேண்டும். அறையைப் பூட்டி, யார் எப்போது நுழைந்தார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். எதையும் கழுவவோ பெருக்கவோ கூடாது. கேமரா பதிவுகள் தானாக அழிவதற்குள் அவற்றைப் பிரதி எடுக்க வேண்டும். உடைகளை நெகிழிப் பையில் அடைத்தால் ஈரத்தால் சான்று கெடும் என்பதால் காகித உறையே ஏற்றது. சான்றுப் பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் பெயரும் நேரமும் பதிவாக வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும்; ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சியும் நடத்தப்பட வேண்டும். அப்பயிற்சியிலேயே ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். பணியிடத்தில் வன்முறை நிகழும் இரவில் முதலில் அங்கு வந்து சேர்பவர் புலனாய்வு அதிகாரியாக இருக்கப்போவதில்லை. இரவுக் காவலராகவோ, துப்புரவுப் பணியாளராகவோ, உடன் பணிபுரிபவராகவோ இருப்பார். பயிற்சி அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.