பூமி மீளும் என்னும் பாதி உண்மை

சூழலியல் சீர்கேடு குறித்த விவாதங்களில் ஒரு சமாதானம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது: 'இதைவிடப் பெரிய அழிவுகளையெல்லாம் பூமி கண்டிருக்கிறது, அவற்றிலிருந்து மீண்டதுபோல் இதிலிருந்தும் மீளும்.' இதில் உண்மை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அது பாதி உண்மைதான். மீள்வதற்கு எவ்வளவு காலம் பிடித்தது, மீண்டு வந்தது எது என்னும் மறுபாதியை அருங்காட்சியகங்களில் உள்ள தாவரப் புதைபடிவங்கள் சொல்கின்றன.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய மெக்ஸிகோவின் யுகட்டான் பகுதியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று மோதியது. எழுந்த புழுதியும் புகைக்கரியும் சூரிய ஒளியை மறைத்தன, ஒளிச்சேர்க்கை முடங்கியது. உயிரின வகைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அழிந்தது. டைனோசர்களின் முடிவைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அதற்குப் பின் என்ன நடந்தது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

அந்த இடைவெளியை நிரப்பிய ஆய்வுகளுள் முக்கியமானது, அமெரிக்காவின் டென்வர் இயற்கை, அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டைலர் லைசன், இயன் மில்லர் ஆகியோர் தலைமையிலான குழு 2019 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. கொலராடோ மாநிலத்தின் கோரல் பிளஃப்ஸ் பகுதியில் கிடைத்த எலும்புகள், இலைப் படிவங்கள், மகரந்தத் துகள்கள் ஆகியவற்றைக் கொண்டு, பேரழிவுக்குப் பிந்தைய முதல் 10 லட்சம் ஆண்டுகளின் வரலாற்றை அக்குழு வரிசைப்படுத்தியது.

அந்த வரலாற்றில் முதலில் எழுந்தவை பெரணிகள். காற்றில் பரவும் நுண்ணிய வித்துகளைக் கொண்ட அவை வெற்று நிலத்தை முதலில் மூடின. அடுத்து, பனைக் குடும்பத் தாவரங்கள் பெருகின. சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு வால்நட் குடும்பத் தாவரங்கள் பல்கின. சுமார் 7 லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகே அவரைக் குடும்பத்தின் காய்கள் தென்படுகின்றன. இந்தப் படிகளோடு பாலூட்டிகளின் உருவமும் வளர்ந்தது. தொடக்கத்தில் எலியளவே இருந்தவை, அவரைக் குடும்பம் தோன்றிய கட்டத்தில் ஏறத்தாழ 50 கிலோ எடையை எட்டின. சத்துள்ள புதிய உணவு கிடைத்ததும் இதற்கு ஒரு காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தாவரம் எழுந்த பிறகே விலங்கு எழுந்தது என்பதே இதன் சாரம்.

எல்லா இடங்களிலும் மீட்சி ஒரே வேகத்தில் நிகழவும் இல்லை. ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் மோனிகா கார்வாலோ, கார்லோஸ் ஹராமியோ ஆகியோர் தலைமையிலான குழு, கொலம்பியாவில் கிடைத்த 50,000-க்கும் மேற்பட்ட மகரந்தப் படிவங்களையும் 6,000-க்கும் மேற்பட்ட இலைப் படிவங்களையும் ஆராய்ந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. அங்கே தாவர வகைகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு அழிந்தது. பழைய பன்மை திரும்ப ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. அப்போதும் திரும்பி வந்தது பழைய காடு அல்ல. ஊசியிலை மரங்களும் பெரணிகளும் நிறைந்து, ஒளி தரைவரை இறங்கிய காடு மறைந்தது. பூக்கும் மரங்கள் அடர்ந்து இருள் கவிந்த மழைக்காடு அதன் இடத்தைப் பிடித்தது.

இதைத்தான் 'மீட்சி' என்கிறோம். மனித இனத்தின் வயதே சுமார் 3 லட்சம் ஆண்டுகள். கொலராடோவில் அவரைக் காய் தோன்றப் பிடித்த காலம் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். பூக்கும் தாவரங்களில் 45 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருக்கக்கூடும் என்று லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் 2023 அறிக்கை எச்சரிக்கிறது. இந்நிலையில் 'பூமி மீளும்' என்று சொல்வது, நம் தலைமுறைக்கோ நமக்குப் பின்வரும் ஆயிரம் தலைமுறைகளுக்கோ ஆறுதல் ஆகாது.

இந்த அறிவு நமக்குக் கிடைத்த வழியும் கவனத்துக்கு உரியது. கோரல் பிளஃப்ஸ் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது, அருங்காட்சியக இழுப்பறையில் கிடந்த ஒரு சாதாரணக் கல்லில் தெரிந்த எலும்பு. கல்லில் பதிந்த ஓர் இலை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிய, உலர்த்திப் பாதுகாக்கப்பட்ட இன்றைய இலைகளோடு அதை ஒப்பிட வேண்டும். அத்தகைய சேகரிப்புகள் இப்போது வீண் செலவாகப் பார்க்கப்படுகின்றன. சுமார் 8,25,000 மாதிரிகளைக் கொண்ட தன் உலர்தாவரக் காப்பகத்தை மூடப்போவதாக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. மாதிரிகள் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்படும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு. மாதிரிகளை இடம் மாற்றலாம். அவற்றைச் சுற்றித் தலைமுறைகளாக வளர்ந்த ஆய்வு மரபைப் பெட்டியில் கட்டி அனுப்ப முடியாது.

எது எப்போது பயன்படும் என்பதை நிதிநிலை அறிக்கையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது என்பதற்கு அந்த இழுப்பறைக் கல்லே சான்று. ஆகவே, சேகரிப்புகளைக் காப்பது கல்வி நிறுவனங்களின் விருப்பச் செலவாக அல்லாமல், அரசுகளின் பொறுப்பாக வேண்டும். அழிந்தபின் மீளும் என்று காத்திருப்பதைவிட, இருக்கும் காடு அழியாமல் காப்பதே எளிது. அதைத்தான் 6.6 கோடி ஆண்டுப் பழமையுள்ள இலைகள் சொல்கின்றன.